நாமே விரும்பி ஏற்றும் வில்லங்கம்

கேள்வி: பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் இருக்கும் நிலத்தில் ஓர் ஓடையும் அதை ஒட்டிய காடும் உள்ளன. எனக்குப் பிறகு அதை யாரும் மனைகளாகப் பிரித்து விற்கக் கூடாது. உயிலில் அப்படி எழுதி வைத்தால் போதாதா?

பதில்: போதாது. வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து விற்பதென்று முடிவெடுத்துவிட்டால், தட்டிக்கேட்க உரிமையுள்ள ஆள் எவரும் இருக்க மாட்டார். தவிரவும், நிலத்தை ஒருவருக்கு முழு உரிமையோடு கொடுத்துவிட்டு அதை எந்நாளும் விற்கக் கூடாது என்று கட்டிப்போடும் வாசகத்தைப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் செல்லாது என்றே கொள்கின்றன.

உடைமை என்பது குடியிருக்கவும், பயிரிடவும், மரம் வெட்டவும், கட்டடம் எழுப்பவும், பிரித்து விற்கவும் உள்ள பல உரிமைகளின் கட்டு. அவற்றில் கட்டடம் எழுப்புவதையும் பிரிப்பதையும் மட்டும் நிரந்தரமாகக் கைவிட்டு, அதை மீறுவோரைத் தடுக்கும் அதிகாரத்தை ஒரு நிலப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கோ அரசு அமைப்புக்கோ பதிவு செய்த பத்திரத்தின் மூலம் அளிப்பதே நடைமுறையில் உறுதியான வழி. நிலம் உங்களுடையதாகவே இருக்கும், விற்கவும் செய்யலாம், ஆனால் எத்தனை கை மாறினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு கூடவே போகும். வில்லங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சும் நாம், விரும்பி ஏற்றிக்கொள்ளத்தக்க வில்லங்கம் இது ஒன்றுதான்.

அமெரிக்காவில் இது ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ எனப்படுகிறது. நியூசிலாந்தில் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இரண்டாம் எலிசபெத் தேசிய அறக்கட்டளை இத்தகைய ஒப்பந்தங்களை நில உடைமையாளர்களோடு செய்துகொள்கிறது. சிலி 2016-லும் இங்கிலாந்து 2021-லும் இதற்கெனச் சட்டம் இயற்றின. பிரேசிலில் உடைமையாளரே விண்ணப்பித்துத் தம் நிலத்தை நிரந்தரத் தனியார் காப்பகமாக அரசின் அங்கீகாரத்தோடு பதிவு செய்துகொள்ளலாம். நிலம் இருக்கும் நாட்டில் இதற்குச் சட்டம் உண்டா என்பதைத்தான் வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: பத்திரம் எழுதிய பின் அங்கே பயிரிடலாமா? மகளுக்கு ஒரு வீடு கட்ட முடியுமா?

பதில்: இரண்டும் முடியும், எழுதும்போதே கேட்டு வாங்கிக்கொண்டால். வீட்டுக்கான இடத்தை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். பின்னால் சேர்ப்பது மிகக் கடினம்.

கேள்வி: பத்திரத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: ‘நிலத்தின் இயற்கைத் தன்மைக்கு ஊறு விளைவிக்கக் கூடாது’ என்பது படிக்க அழகாக இருக்கும், வழக்கு என்று வந்தால் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். ‘ஓடையின் இரு கரையிலிருந்தும் முப்பது மீட்டருக்குள் மரம் வெட்டவோ, மண் எடுக்கவோ, பாதை போடவோ கூடாது’ என்று எழுதினால் அளவு நாடாவை நீட்டிப் பார்த்தே மீறலைச் சொல்லிவிடலாம். அதே நாளில் நிலத்தின் நிலையை ஆவணப்படுத்துங்கள்: வேலி எங்கே முடிகிறது, பழைய கொட்டகையின் நீளம் அகலம் என்ன, எந்த இடத்தில் நின்று எத்திசை நோக்கி எடுத்த படம் என்பவற்றோடு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இருபது ஆண்டு கழித்து, ‘இந்தப் பாதை முன்பே இருந்தது’ என்று புதிய உடைமையாளர் வாதிட்டால் பதில் சொல்லப்போவது அந்தப் படங்கள்தான்.

அறக்கட்டளை ஆண்டுதோறும் ஆளனுப்பி நிலத்தைச் சுற்றிப் பார்க்கிறதா, வழக்கு நடத்த நிதி ஒதுக்கியிருக்கிறதா என்று விசாரியுங்கள். இவ்விரண்டும் இல்லாத அமைப்பிடம் எவ்வளவு கெட்டியான பத்திரம் இருந்தாலும் பயனில்லை என்பது என் கருத்து. நிலம் அடமானத்தில் இருந்தால், தன் உரிமை இந்தப் பத்திரத்துக்குப் பிற்பட்டதே என்று வங்கி எழுதித் தர வேண்டும். இல்லையேல் கடன் பாக்கிக்காக நிலம் ஏலத்துக்குப் போகும் அன்று உங்கள் கட்டுப்பாடும் சேர்ந்தே அழிந்துவிடக்கூடும்.

கேள்வி: நிலத்தையே அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: கொடுக்கலாம்; சந்தை விலைக்குக் குறைத்தும் விற்கலாம்; ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டும் எழுதிக்கொடுக்கலாம். ஆனால் அறக்கட்டளையும் ஓர் உடைமையாளர்தான்; பணமுடை வந்தால் விற்கக்கூடும். ஆகவே நிலம் ஒரு அமைப்பிடமும், தடுக்கும் அதிகாரம் வேறொரு அமைப்பிடமும் இருப்பது நல்லது.

கேள்வி: ‘நிரந்தரம்’ என்பது உண்மையிலேயே நிரந்தரமா?

பதில்: பெரும்பாலும். சாலைக்கோ அணைக்கோ அரசு கட்டாயமாகக் கையகப்படுத்தினால் பத்திரம் தடுக்காது. நோக்கமே நிறைவேற இயலாதபடி சூழல் மாறிவிட்டால் நீதிமன்றம் அதை ரத்து செய்யவும் கூடும். அறக்கட்டளை கலைந்தால் பொறுப்பேற்க வேண்டிய மாற்று அமைப்பின் பெயரைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். கையகப்படுத்தலில் கிடைக்கும் இழப்பீட்டில் அறக்கட்டளைக்கு எத்தனை விழுக்காடு, அதை வேறு நிலத்தைக் காப்பதற்கே செலவிட வேண்டுமா என்பதையும் கையோடு சேர்த்துவிடுங்கள்.