பெனலாங்கில் பிரதமர் ஹோவர்டே தோற்றது எப்படி?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள பெனலாங் நாடாளுமன்றத் தொகுதி 1949-இல் உருவானது முதல் 2007 வரை லிபரல் கட்சியின் கையில்தான் இருந்தது. பிறகு ஏன் கைவிட்டுப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு காரணம் எல்லை மறுவரையறை. தொடக்கத்தில் லேன் கோவ், ஹண்டர்ஸ் ஹில் போன்ற வசதியான பகுதிகளே தொகுதியின் அடித்தளம். எல்லை மெல்ல மேற்கே நகர்ந்து ரைடு, ஈஸ்ட்வுட், எப்பிங் உள்ளே வந்தன. அங்கே சீன, கொரியக் குடும்பங்கள் பெருகின. ஈஸ்ட்வுட் ரயில் நிலையத்தில் இறங்கினால் மேற்குப் பக்கம் சீனக் கடைகள், கிழக்குப் பக்கம் கொரியக் கடைகள்.

1974 முதல் உறுப்பினராக இருந்த பிரதமர் ஜான் ஹோவர்டை 2007-இல் லேபர் கட்சியின் மாக்சின் மெக்யூ வென்றார். பதவியிலிருக்கும் பிரதமர் சொந்தத் தொகுதியை இழந்தது 1929-க்குப் பின் அப்போதுதான். ஆனால் இதை இன வாக்காக மட்டும் பார்ப்பது தவறு. அதே ஈஸ்ட்வுட்டை உள்ளடக்கிய தொகுதி 2010-இல் லிபரலின் ஜான் அலெக்சாண்டரிடம் திரும்பியது. 2022-இல் லேபரின் ஜெரோம் லக்சால் மயிரிழையில் வென்றார். 2025-இல் எளிதாகத் தக்கவைத்தார்.

இங்கே வாக்களிப்பவர்களுக்கு: நாடாளுமன்றக் கீழவைக்கான வாக்குச் சீட்டில் எல்லாக் கட்டங்களுக்கும் 1, 2, 3 என வரிசை எண் இட வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் 1 மட்டும் போட்டாலே போதும் என்பதால் பலர் குழம்பி, செல்லாத வாக்கு போட்டுவிடுகிறார்கள்.