யாழ்ப்பாணத்தில் நிலம், நீர், கடல் ஆய்வுகளை ஏன் சேர்ந்து செய்ய வேண்டும்?

மண்ணுக்கு ஒரு குழு, கிணற்றுக்கு ஒரு குழு, கடலுக்கு ஒரு குழு என்று தனித்தனியே ஆய்வு செய்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊருக்குப் போதாது. படிக்கிற காலத்தில் குடாநாட்டின் ஒரு பகுதியான வலிகாமத்துக் கிணறுகளில் நீர் மாதிரி எடுக்கப் போனவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான். அது கடலில் இருந்து உட்புகுந்த உப்புநீருக்கு மேல் மிதந்தபடி நிற்கிறது. கணக்குப்படி, நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் உப்புநீர் 40 அடி வரை மேலேறலாம். ஒரு வெங்காயத் தோட்டத்தில் நான் போத்தலை நிரப்பிக்கொண்டு நின்றபோது, "தம்பி, மாரியிலை இது நல்ல தண்ணி. பங்குனி கழிய இறைச்சால் சவர் தட்டும்" என்றார் தோட்டக்கார ஐயா. உப்பை அளக்கும் எங்கள் மீட்டர் காட்டியதும் அதைத்தான்.

அந்தக் கல்லில் வெடிப்புகள் அதிகம். செம்மண்ணில் போடும் யூரியாவும் எருவும், மலசலகூடக் குழிகளின் கசிவும் நைத்திரேற்று என்ற உப்பாக மாறி மழையோடு கீழே இறங்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல இந்த அளவைத் தாண்டியவை. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

சரி, நைத்திரேற்று கிணற்றோடு நின்றுவிடுமா? நிலத்தடி நீர் கரையோரத்தில் கடலுக்குள் கசிகிறது. கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறுவது கடலுக்குப் பக்கத்திலேயே அல்லவா? உரச்சத்து பரவைக்கடலில், அதாவது கரையோர ஆழமற்ற களப்பில், சேர்ந்தால் பாசி மண்டும், கடற்புல்லுக்கு வெளிச்சம் குறையும். இறால் குஞ்சும் நண்டும் வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். கடலை மட்டும் அளக்கிறவருக்குப் புல் அழிவது தெரியும், தோட்டத்து உரம் தெரியாது.

பரவைக்கடல் கடலோடு சேரும் இடத்தில் கதவுகளோடு கட்டிய தொண்டைமானாற்றுத் தடுப்பணை இதைவிடச் சிக்கல். கதவை மூடி மழைநீரைத் தேக்கினால் உவர் குறைந்து அயல் கிணறுகள் நல்லாகும் என்பது தோட்டக்காரரின் நியாயம். கடல்நீர் வந்துபோனால்தான் இறால் உள்ளே வரும் என்பது களங்கண்டி என்ற பொறிவலை போட்டு மீன்பிடிக்கிறவரின் நியாயம். இரண்டும் உண்மை. எந்த மாதம் திறப்பது, எவ்வளவு நீரை விடுவது என்று நீரியல்காரர் தனியாகச் சொல்ல முடியாது. மீன்பிடியியல், விவசாயம் படித்தவர்களும் அந்த இரண்டு தொழில்காரரும் கூட இருக்க வேண்டும்.

சேர்ந்து செய்வது என்று நான் சொல்வது கூட்டம் போடுவதை அல்ல. ஒரே பருவத்தில், மாரிக்கு முன்னும் பின்னும், தோட்டக் கிணற்றில் இருந்து பரவைக்கடல் வரை ஒரே கோட்டில், ஒரே முறையில் அளக்க வேண்டும். அப்புறம், பெறுபேற்றைக் கிணற்றுக்காரரிடம் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் தந்த வீடுகளில் "என்ன முடிவு வந்தது, பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.