எச்.ஐ.வி. சிகிச்சையின்போது கொழுப்பும் கல்லீரல் நொதியும் உயர்ந்தால்

கேள்வி: எனக்கு வயது 46. எச்.ஐ.வி. தொற்றுக்காக எஃபாவிரென்ஸ், லாமிவுடின், டெனோபோவிர் அடங்கிய கூட்டு மாத்திரையை நான்கு ஆண்டுகளாக உட்கொள்கிறேன். வைரஸ் கண்டறிய முடியாத அளவில் உள்ளது. ஆனால் இரத்தக் கொழுப்பு வகையான ட்ரைகிளிசரைடு 290, கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. 72 என வந்துள்ளன. மாத்திரையைச் சில மாதங்கள் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. 2006-இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், சிகிச்சையை இடையிடையே நிறுத்தியவர்களுக்கே இதய, கல்லீரல், சிறுநீரகப் பாதிப்புகள் அதிகம் ஏற்பட்டன. மேலும், டெனோபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்குபவை. அந்தத் தொற்று உங்களுக்குத் தெரியாமலே இருந்தால், மருந்தை நிறுத்தியதும் கல்லீரல் அழற்சி கடுமையாகத் தலைதூக்கலாம்.

சிகிச்சை பெறாத நிலையில் எச்.ஐ.வி. முதலில் எச்.டி.எல். எனும் நல்ல கொழுப்பையும் பிறகு எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பையும் குறைத்து, நோய் முற்றும்போது ட்ரைகிளிசரைடை உயர்த்துகிறது. மருந்து தொடங்கியபின் எல்.டி.எல். கூடுவதில் ஒரு பகுதி உடல் தேறுவதன் விளைவே. ஆனால் உங்கள் ட்ரைகிளிசரைடு உயர்வில் எஃபாவிரென்ஸுக்குப் பங்கிருக்கலாம்.

கல்லீரலின் கதை சற்றுச் சிக்கலானது. இந்த வைரஸ் குடலின் நோய் எதிர்ப்புச் செல்களைச் சிதைப்பதால், குடல் பாக்டீரியாக்களின் கூறுகள் கசிந்து நேரே கல்லீரலுக்குச் சென்று, அங்கே ஓயாத மெல்லிய அழற்சியை உண்டாக்குகின்றன. வைரஸ் அடங்கிய பிறகும் இது முழுமையாக நீங்குவதில்லை. உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு படியலாம். இவற்றோடு மது, ஹெபடைடிஸ் பி அல்லது சி, காசநோய் மருந்துகள், மருத்துவரிடம் சொல்லாமல் உட்கொள்ளும் மூலிகை மருந்துகள் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வகையைப் பலரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எனவே, வெறும் வயிற்றில் கொழுப்பு, சர்க்கரைப் பரிசோதனைகளை மீண்டும் செய்து, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும் வயிற்று ஸ்கேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. ஆகிய நொதிகள், இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் ஃபிப்-4 மதிப்பு 1.3-க்குக் கீழே இருந்தால், கல்லீரலில் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. எஃபாவிரென்ஸுக்குப் பதிலாக டோலுடெக்ராவிர் என்ற மற்றொரு எச்.ஐ.வி. மருந்து பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதில் சிலருக்கு எடை கூடுவதுண்டு. ஹெபடைடிஸ் பி இருந்தால் டெனோபோவிர் தொடர்ந்தே ஆக வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருந்தாலும், கொழுப்புக் கல்லீரலால் நொதி இவ்வளவு உயர்ந்திருப்பது அதற்குத் தடையல்ல. 40 முதல் 75 வயதுள்ள எச்.ஐ.வி. தொற்றாளர்களிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில், பிடாவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் பெரிய இதய நோய் நிகழ்வுகளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. எந்த ஸ்டாட்டின் என்பதை மட்டும் மருத்துவரே முடிவு செய்யட்டும். பின்னாளில், பிற எச்.ஐ.வி. மருந்துகளின் அளவை உடலில் கூட்டும் ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் உள்ள சிகிச்சைக்கு நீங்கள் மாற நேர்ந்தால், சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை அதனுடன் சேர்த்து உட்கொள்ளவே கூடாது.