விறைப்புக் குறைபாடு: வி.ஏ. ‘இல்லை’ என்ற பிறகு என்ன செய்யலாம்?

2009-இல் அமெரிக்க ராணுவம் தொடங்கிய, வெளிநாட்டவரைப் படையில் சேர்க்கும் மாவ்னி திட்டத்தில் தமிழ் தெரிந்தவர்களையும் எடுத்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் இப்போது முன்னாள் படைவீரர்களாகி வி.ஏ.வுக்கு (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறை) இழப்பீட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெயரில்லாமல்தான் வந்தன. விஷயம் அப்படி. கேள்வியும் பதிலும் அடுத்தடுத்து வருகின்றன.

பி.டி.எஸ்.டி.க்கு (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பு) வி.ஏ.விடம் 50 சதவீத ஊன மதிப்பீடு வாங்குகிறேன். அதற்கு செர்ட்ரலின் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் இந்த விறைப்புப் பிரச்சினை. ஆனால் ‘படைப்பணியுடன் தொடர்பு நிறுவப்படவில்லை’ என்று மறுத்துவிட்டார்கள். எந்த வழியில் மேல்முறையீடு செய்வது?

உங்களுக்குக் குறைபாடு இருப்பதை வி.ஏ. மறுக்கவில்லை. அதற்கும் பி.டி.எஸ்.டி.க்கும் உள்ள தொடர்பு காகிதத்தில் இல்லை என்கிறது. எந்த வழி என்பதை இந்தக் காரணம்தான் தீர்மானிக்கும்.

2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழிகள் இருக்கின்றன. புதிய ஆதாரத்தோடு துணைக் கோரிக்கை (படிவம் 20-0995), மூத்த அதிகாரியின் மறுபரிசீலனை (20-0996), முறையீட்டு வாரியம் (10182). மூத்த அதிகாரி புதிதாக ஒரு காகிதம்கூட வாங்க மாட்டார். இது தெரியாமல் அங்கே போய் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு.

ஆகவே முதல் வேலை, வி.ஏ. செய்த சி அண்ட் பி (இழப்பீட்டுக்கான மருத்துவ) பரிசோதனையின் அறிக்கையை வாங்கிப் படிப்பது. ‘பி.டி.எஸ்.டி. இதை உண்டாக்கவில்லை’ என்று மட்டும் எழுதி, மாத்திரையைப் பற்றியோ, பி.டி.எஸ்.டி.யால் குறைபாடு மோசமானதா என்பது பற்றியோ பேச்சே இல்லையென்றால் அது அரைகுறை அறிக்கை. உண்டாக்கியதா, மோசமாக்கியதா என்ற இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். இந்தக் குறை கோப்பிலேயே தெரிவதால் மறுபரிசீலனையே போதும். தொலைபேசியில் பேச வாய்ப்புக் கேட்டு, இதை மட்டும் சுட்டிக்காட்டுங்கள். புதுப் பரிசோதனைக்குத் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு.

அறிக்கை முழுமையாக இருந்து உங்களுக்கு எதிராகவும் இருந்தால், துணைக் கோரிக்கைதான். உங்கள் மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள். ‘நிச்சயமாக’ என்று அவர் எழுதத் தேவையில்லை, ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு என்றாலே சட்டம் உங்கள் பக்கம் சாயும். ஆனால் காரணம் சொல்ல வேண்டும்: எந்தத் தேதியில் மாத்திரை, எந்த மாதத்தில் குறைபாடு, வேறு காரணங்களை ஏன் ஒதுக்குகிறார், எந்தக் கோப்புகளைப் பார்த்தார். ‘தொடர்பு இருக்கலாம்’ என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கு மதிப்பே இல்லை.

என் கணவரின் மருத்துவக் கோப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. டாக்டரிடம் சொல்லவே கூச்சப்பட்டார். மனைவியான நான் எழுதித் தரலாமா?

தாராளமாக எழுதலாம். அதற்கென்றே 21-10210 என்ற படிவம் இருக்கிறது. நோய் எதனால் வந்தது என்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம், அது மருத்துவர் வேலை. எந்த ஆண்டிலிருந்து, எப்படி மாறியது என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். ‘மிகவும் வேதனைப்பட்டோம்’ என்பதைவிட ‘2017-இல் ஊர் திரும்பியதிலிருந்து’ என்பதற்கு எடை அதிகம். அவரை இந்த வாரமே மருத்துவரிடம் வாய் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதம் இருந்தாலும், நோய் என்று மருத்துவர் எழுதியாக வேண்டும்.

ஏற்றுக்கொண்டு 0 சதவீதம் கொடுத்திருக்கிறார்கள்! இதை எதிர்த்துப் போராடலாமா?

சதவீதத்துக்காகப் போராடாதீர்கள். 2021 நவம்பர் 14-இல் விதி மாறியது. வி.ஏ.வின் மதிப்பீட்டுப் பட்டியலில் 7522 எண்ணின் கீழ் இந்தக் குறைபாட்டுக்கு இப்போது 0 மட்டுமே. முன்பு 20 சதவீதம் கிடைத்தது, அதுவும் உறுப்பில் உருச்சிதைவும் சேர்ந்து இருந்தவர்களுக்கு. அன்றைக்கே 20 வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம், விதி மாறியதை மட்டும் காரணம் காட்டிக் குறைக்க முடியாது.

பணம் இருப்பது வேறு இடத்தில். கடிதத்தில் எஸ்.எம்.சி.-கே என்று இருக்கிறதா பாருங்கள். இனப்பெருக்க உறுப்பு பயனிழந்ததற்கான சிறப்பு மாதத் தொகை அது. 2025-இல் மாதம் 136.06 டாலர், வரி கிடையாது, மற்ற சதவீதத்துக்கு மேல் தனியாக வரும். நீங்கள் கேட்காவிட்டாலும் வி.ஏ. தானாகவே பரிசீலிக்க வேண்டியது. விட்டிருந்தால் மறுபரிசீலனைக்கு எழுதுங்கள், புது ஆதாரம் எதுவும் தேவைப்படாது.

என் மாமனார் அமெரிக்கர், வியட்நாமில் இருந்தவர். சர்க்கரை நோய் உண்டு. இதற்கும் கேட்கலாமா?

வரிசை முக்கியம். 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரையிலான காலத்தில் வியட்நாமில் பணியாற்றியிருந்தால் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லிக்கு ஆளானதாகவே கொள்வார்கள். இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் தொடர்பைத் தனியே நிரூபிக்க வேண்டாம். 2022-இன் பாக்ட் சட்டம் உயர் ரத்த அழுத்தத்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்தது. முதலில் சர்க்கரைக்கு ஏற்பு வாங்குங்கள், பிறகு அதன் விளைவு என்று விறைப்புக் குறைபாட்டுக்கும் கேளுங்கள். சர்க்கரை நரம்பையும் ரத்தக்குழாயையும் கெடுப்பதை எந்த மருத்துவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மறுப்பு வந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

துணைக் கோரிக்கை எப்போதும் போடலாம். ஓராண்டுக்குள் போட்டிருந்தால் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து நிலுவை கிடைத்திருக்கும், இனி புதிய தேதியிலிருந்துதான். இதற்கிடையில் வாரியத்தின் தீர்ப்பு கையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நீதிமன்றத்துக்குப் போக 120 நாள்தான்.

ஒரு நிறுவனம் முதல் விண்ணப்பத்துக்கே பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. மறுப்புக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர் வாங்கலாம், வழக்கமாக நிலுவையில் 20 சதவீதம். இவ்வளவு சிறிய மாதத் தொகைக்கான வழக்கை எடுக்க அவர்களுக்கும் ஆர்வம் இருக்காது. டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் இலவசமாகவே செய்து தருகிறார்கள்.

பெண் வீரர்களுக்கு இது பொருந்துமா?

2018 மே 13 முதல் பாலுணர்வுக் கிளர்ச்சிக் குறைபாட்டுக்கு 7632 என்று தனி எண் இருக்கிறது. அதுவும் 0 சதவீதம்தான், அதோடும் எஸ்.எம்.சி.-கே கேட்கலாம். பி.டி.எஸ்.டி. மாத்திரை பற்றி முதல் கேள்விக்குச் சொன்னவை அப்படியே உங்களுக்கும்.