மாப்பிள்ளை கோட்டுக்கு என்ன வாட்ச் கட்டுவது?

கேள்வி இதுதான்: "மே மாதம் நாகர்கோவிலில் சர்ச் கல்யாணம். கறுப்பு கோட் சூட் தைக்கக் கொடுக்கப் போகிறேன். கையில் ஸ்மார்ட்வாட்ச் இருக்கிறது. அதையே கட்டலாமா, இல்லை பத்தாயிரத்துக்குள் புதிதாக ஒன்று வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பார்த்து வாங்க வேண்டும்?"

புதிதாக வாங்குங்கள், தம்பி. ஆனால் கோட்டுக்கும் சட்டைக்கும் அளவு கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். எல்லாரும் தலைகீழாகச் செய்கிற காரியம் இது. கோட்டு தைத்து, ஷூ எடுத்து, கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாட்ச் கடைக்குப் போவார்கள். எங்களுக்கு மார்த்தாண்டத்தில் தையல் கடை. சித்தப்பா காலத்திலிருந்து மாப்பிள்ளை கோட்டுதான் முக்கிய வேலை. அதனால் வாட்சைப் பற்றி நான் சொல்வதெல்லாம் சட்டைக் கையிலிருந்து பார்த்துச் சொல்வதுதான்.

கோட்டுக் கைக்கு வெளியே சட்டையின் கஃப் அரை அங்குலம் தெரிய வேண்டும். கஃப் வந்து நிற்கிற இடம் மணிக்கட்டு எலும்பைத் தாண்டி, கட்டைவிரல் தொடங்குகிற இடம். வாட்ச் அந்த எலும்புக்குப் பின்னால், முழங்கைப் பக்கமாக உட்காரும். அதாவது கையைத் தொங்கப்போட்டு நிற்கும்போது வாட்ச் கஃபுக்குள் இருக்கும், லேசாக ஓரம் மட்டும் தெரியும். கையை மடக்கும்போது துணி பின்னால் போய் வாட்ச் முழுதாக வெளியே வரும். கையை இறக்கினால் துணி மறுபடியும் அதன் மேல் வழுக்கிக்கொண்டு வந்து மூட வேண்டும். கோட்டோடு கட்டுகிற வாட்சுக்கு இந்த ஒரு பரீட்சை போதும்.

தடித்த வாட்சில் என்ன நடக்கும் என்றால், தாலி கட்டக் கையைத் தூக்கும்போது கஃப் பின்னால் போகும், இறக்கும்போது திரும்பி வராது. வாட்சின் விளிம்பில் மாட்டிக்கொண்டு அங்கேயே சுருங்கி நிற்கும். மாப்பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. அப்புறம் எடுக்கிற குடும்பப் போட்டோ எல்லாவற்றிலும் வலது கை ஒழுங்காக, இடது கை மட்டும் யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருக்கும். ஆல்பம் வந்த பிறகு எங்களிடம் வந்து "கை நீளம் குறைஞ்சு போச்சே அண்ணா" என்று சொன்னவர்கள் உண்டு. டேப்பைப் பிடித்துக் காட்டினால் இரண்டு கையும் ஒரே நீளம்தான்.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது தடிமன். 8 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. 9 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் கோட்டுக்கு வேண்டாம். வாட்சின் அகலம் 36 முதல் 38 மி.மீ. போதும். மணிக்கட்டு ஆறரை அங்குலச் சுற்றளவுக்கு மேல் இருந்தால் 39, 40 கூடப் பரவாயில்லை. அகலத்தைவிட முக்கியம், ஸ்ட்ராப் மாட்டுகிற மேல் கொம்பிலிருந்து கீழ்க் கொம்பு வரை உள்ள நீளம். அது மணிக்கட்டின் மேல்பரப்பைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இரவல் வாட்ச் மாதிரிதான் தெரியும்.

"36 எல்லாம் லேடீஸ் சைஸ்" என்று கடைப் பையன் சொல்வான். சொல்லட்டும். 1932-ல் சுவிஸ் வாட்ச் நிறுவனம் பாடெக் பிலிப் கொண்டுவந்த முதல் கலட்ராவா வாட்ச் ஏறக்குறைய 31 மி.மீ. தான். இன்றைக்கும் கோட்டுக்கான வாட்ச் என்றால் உலகத்தில் எல்லாரும் அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். கார்ட்டியேவின் செவ்வக டேங்க் வாட்ச் 1917-ல் வடிவமைத்தது, அதுவும் சின்னதுதான். 44, 46 என்று வாட்ச் பெருத்தது நம் காலத்தில்.

டயல் வெள்ளை, கிரீம், இல்லாவிட்டால் கறுப்பு. இரண்டு முள், மிஞ்சினால் மூன்று. தேதி இருந்தால் குற்றமில்லை. டயலுக்குள் மூன்று குட்டி டயல், சுற்றுகிற வளையம், இருட்டில் ஒளிரும் தடித்த முள் எல்லாம் கார் ஓட்டுகிறவருக்கும் கடலில் குதிக்கிறவருக்கும் செய்தவை. கோட்டுக்கு அவை எதற்கு?

ஸ்மார்ட்வாட்சைப் பற்றிக் கேட்டீர்கள். ஜெபம் நடக்கும்போது கையைத் தூக்கினால் வெளிச்சம் வரும். மற்ற நேரத்தில் கறுப்புச் சதுரம். அதைத் துணை மாப்பிள்ளையிடம் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். வெறுங்கையாகப் போனாலும் தப்பில்லை. மேற்கத்திய நாடுகளில் மிக உயர்ந்த மாலை விருந்துகளுக்கு வாட்சே கட்டாமல் போகிற பழைய வழக்கம் ஒன்று உண்டு, விருந்தில் நேரம் பார்ப்பது வீட்டுக்காரரை அவமதிப்பது என்று. நம் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை மணி பார்த்தால் பந்திக்காக என்றுதான் நினைப்பார்கள்.

இயந்திரம் எது என்று அடுத்து யோசிப்பீர்கள். கல்யாணம், ஞாயிறு ஆராதனை, எப்போதாவது இன்டர்வியூ என்று கட்டுகிற வாட்சுக்கு செல் போட்ட குவார்ட்ஸே நல்லது. கை அசைவில் தானாகச் சாவி ஏறுகிற ஆட்டோமேட்டிக் வாட்சைக் கழற்றி வைத்தால் இரண்டு நாளுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும், ஒவ்வொரு தடவையும் நேரம் வைக்க வேண்டும். அதோடு உள்ளே சுழல்கிற எடைத்தகடு தடிமனைக் கூட்டும். ஆட்டோமேட்டிக்கில் ஓரியண்ட் பாம்பினோவை எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். அழகான வாட்ச்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் 40.5 மி.மீ. மாடல் கண்ணாடி மேடோடு சேர்த்து 12 மி.மீ. பக்கம் வரும். கஃபில் மாட்டும். எனக்குப் பிடித்தது டைட்டன் எட்ஜ். 2002-ல் அது வந்தபோது மொத்தத் தடிமனே 3.5 மி.மீ. தான். டைட்டன் 1984-ல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது, ஆலை ஓசூரில். நம்ம ஊர் வாட்ச் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். விலை கைக்கு எட்டாவிட்டால் டைமெக்ஸ், கேசியோ எதிலும் மெல்லிய வெற்று டயல் மாடல் கிடைக்கும். பெயரைப் பார்க்காமல் ஓரத்திலிருந்து பாருங்கள்.

வாங்குவதற்கு முன் வீட்டு பீரோவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ கல்யாணத்துக்குப் போட்ட எச்எம்டி கிடக்கலாம். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் செய்யத் தொடங்கியது. ஜனதா மாதிரியான சாவி கொடுக்கிற வாட்ச் கோட்டுக்குப் பொருத்தமான அளவு. சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, புது ஸ்ட்ராப் மாட்டினால் ஓடும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆன்லைனில் பச்சையும் நீலமுமாகப் பளபளக்கிற பழைய எச்எம்டிகளை நம்பி வாங்காதீர்கள். அதில் பெரும்பாலானவை டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தவை. எழுத்தின் விளிம்பை உற்றுப் பார்த்தால் மை பரவியிருக்கும்.

இனி ஸ்ட்ராப். கறுப்பு ஷூ, கறுப்பு பெல்ட் என்றால் கறுப்புத் தோல். பிரவுன் என்றால் பிரவுன். பெல்ட் பக்கிளும் வாட்சும் ஒரே நிறமாக இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். மோதிரத்துக்கு இந்தக் கணக்கு கிடையாது, அது தங்கமாகத்தான் இருக்கும். செயின் வாட்ச் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. தாலி கட்டும்போது உங்கள் இரண்டு கையும் மணப்பெண்ணின் கழுத்துக்குப் பின்னால், தலையில் போட்டிருக்கும் நெட்டுக்கு அடியில் போகும். செயினின் ஒரு கண்ணி அந்த நெட்டில் மாட்டினால், நாத்தனார் வந்து எடுத்துவிடும் வரைக்கும் அப்படியே நிற்க வேண்டியதுதான். தோலில் அந்தப் பயம் இல்லை.

ஆனால் நம் மாவட்டத்தில் தோலுக்கு ஆயுள் குறைவு. மே மாதப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். அது முடியுமுன் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, அப்புறம் ஐப்பசி மழை. வியர்வை குடித்த ஸ்ட்ராப்பை அப்படியே டப்பாவில் போட்டு பீரோவில் வைத்தால் அடுத்த கல்யாணத்துக்கு எடுக்கும்போது வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும், நாற்றம் வேறு. வீட்டுக்கு வந்ததும் காய்ந்த துணியால் உள்பக்கத்தைத் துடைத்து, ஒரு ராத்திரி ஃபேன் காற்றில் வையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். குளச்சல், முட்டம் பக்கம் வீடு என்றால் வாட்சின் உலோகக் கூட்டையும் லேசாக ஈரத்துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உப்புக்காற்று தங்க முலாமை விளிம்பிலிருந்து தின்னும். சென்ட் அடிப்பதென்றால் வாட்ச் கட்டுமுன் அடித்துக் காயவிடுங்கள். பின்பக்கம் 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பிக் குளிக்க வேண்டாம். கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்றுதான் அதற்கு அர்த்தம். பந்தியைப் பற்றிக் கவலையில்லை. பாயசத்தில் பழமும் பப்படமும் போட்டுப் பிசைவது வலது கை, வாட்ச் இடது கையில்.

வேட்டி கட்டுகிற கல்யாணம் என்றால் நான் சொன்னதில் பாதி உங்களுக்கு வேண்டாம். அரைக்கைச் சட்டையில் மறைக்கக் கஃப் இல்லை, தடிமன் ஒரு பொருட்டே இல்லை. பட்டுவேட்டியின் ஜரிகைக்கு மெல்லிய தங்க நிறச் செயின் வாட்ச் எடுப்பாக இருக்கும். சுசீந்திரம் மாதிரி சட்டையைக் கழற்றிப் போகிற கோயிலில் வெறும் மேலோடு நிற்கும்போது பெரிய வாட்ச் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அங்கே சின்னதே அழகு.

வாட்ச் வாங்கியாச்சா? சரி, இப்போது தையல் கடைக்கு வாருங்கள். எங்கள் கடைக்குத்தான் என்றில்லை, எந்தக் கடைக்கானாலும் வாட்சை இடது கையில் கட்டிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் உட்கார வேண்டுமோ அந்த இடத்தில், விரல் ஒன்று நுழையாத, ஆனால் தோலை அழுத்தாத இறுக்கத்தில் கட்ட வேண்டும். தேவையானால் ஸ்ட்ராப்பில் கூடுதலாக ஓர் ஓட்டை போடச் சொல்லுங்கள், வாட்ச் கடையிலேயே போட்டுத் தருவார்கள். பிறகு "இடது கை கஃபை வாட்சுக்கு மேலே வைத்து அளவெடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மெல்லிய வாட்ச் என்றால் வலது கஃபைவிடச் சுற்றளவில் கால் அங்குலம் கூடுதலாக விட்டால் போதும், கொஞ்சம் தடித்தது என்றால் அரை அங்குலம். பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ரெடிமேட் சட்டை என்றால் இடது கஃப் பட்டனை மட்டும் சற்றே ஓரத்துக்குத் தள்ளித் தைத்துத் தரச் சொல்லலாம். பத்து நிமிட வேலை. முதல் ட்ரையலுக்கும் அதே வாட்சோடு போய், கையைக் கழுத்து உயரத்துக்குத் தூக்கி இறக்கிப் பாருங்கள். துணி தானாக இறங்கி வந்தால் தையல் சரி.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ அத்தான் ஒருவர் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி வந்து இறங்குவார். கையில் ஒரு சிவப்புப் பெட்டி, உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தங்க நிற வாட்ச். "மக்களே, நாளைக்கு இதைத்தான் கெட்டணும்" என்பார். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. "அத்தான், இதை மறுவீட்டுக்குக் கெட்டுறேன்" என்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுவீட்டுக்குப் பெரும்பாலும் அரைக்கைச் சட்டைதான். எவ்வளவு பெரிய வாட்சானாலும் அங்கே எடுபடும், அவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.