அல்ட்ராமேன் தகரப் பெட்டியில் பழுப்புப் புள்ளி

கேள்வி: ‘அல்ட்ராமேன்’ என்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரின், அமெரிக்காவில் வெளியான ப்ளூ-ரே ஸ்டீல்புக் (தகரப் பெட்டிப் பதிப்பு) ஒன்றை யாரோ வைத்திருந்து விற்றதை வாங்கினேன். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்குப் பக்கம். தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஏசி அறையில் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்தில் முதுகு ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. பின்பக்கம் ஒட்டியிருந்த தாளும் பாதி பிய்ந்து தொங்குகிறது. இதைக் காப்பாற்ற முடியுமா? அடுத்து ஜப்பானியப் பெட்டிப் பதிப்பு ஒன்று வாங்கவும் ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: காப்பாற்றலாம். முதலில் அந்த உறையைக் கழற்றுங்கள். நீங்கள் பாதுகாப்பு என்று நினைத்துப் போட்ட அதுவே துருவுக்குத் துணைபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்டீல்புக் என்பது வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. மேலே அச்சு, அதன்மேல் வார்னிஷ். அல்ட்ராமேன் உடம்பு வெள்ளியும் சிவப்பும் என்பதால் இந்தத் தொடருக்குத் தகரம் மிகவும் பொருந்தும். வெள்ளை மை அடிக்காமல் விட்ட இடத்தில் உலோகமே வெளியே மின்னும். காகித அட்டையில் அந்த மினுமினுப்பு வராது. பூச்சு முழுசாக இருக்கும்வரை துரு ஏறாது. ஆனால் முதுகுப்பக்க மடிப்பிலும் மூலைகளிலும் தகடு வளைகிறது, அங்கே வார்னிஷ் நுண்ணியதாக வெடித்திருக்கும். உப்புக்காற்றும் ஈரமும் நுழைவது அந்த வழியாகத்தான். அதனால்தான் புள்ளிகள் நடுவில் வராமல் ஓரத்தில் வந்திருக்கின்றன.

ஈரம் எங்கிருந்து வந்தது? இரவெல்லாம் ஏசி ஓடி அறை குளிர்கிறது. காலையில் அணைத்து ஜன்னலைத் திறந்ததும் கடல்காற்று உள்ளே வருகிறது. குளிர்ந்த தகரத்தின்மேல், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த எவர்சில்வர் டம்ளரில் வேர்ப்பதுபோல, கண்ணுக்குத் தெரியாத அளவில் நீர் படிகிறது. உறை இல்லாவிட்டால் அது கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். இறுக்கமான உறைக்குள் காய வழியில்லை. உறை பி.வி.சி.யாக இருந்தால் இன்னும் கெடுதல். புது மழைக்கோட்டு வாசனை வந்தால் அது பி.வி.சி. அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் கசிந்து அச்சோடு ஒட்டிக்கொள்ளும். நாளாக நாளாக அமில ஆவியும் வரும். வாங்கினால் பெட் (PET) அல்லது பாலிப்ரொப்பிலீன் வகை பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். பெட் கண்ணாடிபோல் தெளிவாக, விறைப்பாக இருக்கும். பாலிப்ரொப்பிலீன் சற்று மங்கலாக, நெகிழ்வாக இருக்கும். இரண்டில் எதுவானாலும் வாய் திறந்தே இருக்கட்டும். ‘ப்ளூ-ரே அளவு’ என்ற பொதுப்பெயரை நம்பாமல் உங்கள் பெட்டியின் உயரம், அகலம், கனம் மூன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து, ஒவ்வொரு பக்கமும் 1 முதல் 2 மில்லிமீட்டர் தளர்வு வைத்து வாங்குங்கள். இறுக்கமான உறையில் திணித்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் மூலையில் மை தேயும்.

இப்போது புள்ளிகள். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் தளர்ந்த துருப்பொடியை மட்டும் எடுங்கள். எலுமிச்சை, வினிகர், உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் வேண்டாம். துருவோடு சுற்றியுள்ள அச்சும் போய்விடும். பிறகு, அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களுக்குப் பூசும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகைக் குச்சி முனையில் கடுகளவு எடுத்து, புள்ளியின்மேல் மட்டும் தடவி, சில நிமிடம் கழித்து மெல்லத் துடையுங்கள். பெட்டி முழுக்கப் பூசினால் மேட் பூச்சில் திட்டுத்திட்டாகப் பளபளப்பு வரும். பழுப்பு நிறம் போகாது. பரவுவது நிற்கும், அவ்வளவுதான். மறைக்க வேண்டுமென்று மேலே பெயின்ட் தொட்டு வைத்தவை பின்னாளில் விலை பாதியாகிப் போகின்றன.

பிய்ந்து தொங்கும் தாளைச் சேகரிப்பவர்கள் ஜே-கார்டு என்பார்கள். பார்கோடு, பேசும் மொழி, சப்டைட்டில், எந்தெந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீடு எல்லாம் அதில்தான் இருக்கும், தகரத்தில் இருக்காது. ஆகவே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பசைப்புள்ளி இருக்கும் இடத்துக்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து அரை நிமிடம் காட்டினால் பசை இளகும். நகத்தால் கீறாமல் தாளைத் தட்டையாக வைத்தே பிரியுங்கள். தகரத்தில் மிஞ்சிய பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, சோப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். முதலில் பெட்டியின் கீழ் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் வார்னிஷ் கரையும். கழற்றிய ஜே-கார்டைத் திரும்ப ஒட்ட வேண்டாம், உறைக்குள் பின்பக்கமாகச் செருகிவிட்டால் போதும். செலோடேப் மட்டும் கூடவே கூடாது. அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது ஈரப்பதம். இங்கேதான் இரண்டு பெட்டிகளும் சண்டை போடும். தகரத்துக்கு எவ்வளவு உலர்ந்தாலும் நல்லது. ஜப்பானியப் பெட்டி அட்டையால் ஆனது. ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் அட்டை விறைத்து, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலம் சுருண்டு, பசை விடும். 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை. ஆகவே இரண்டுக்கும் பொதுவாக 45 சதவீதம் அளவில் வைத்திருங்கள். ரப்பர் விளிம்பு வைத்த 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒரு சிறிய ஈரமானி, 100 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல். இவ்வளவே. எண் 40-க்குக் கீழே இறங்கினால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். அது கரும்பச்சையானதும் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நீலநிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் வீட்டுக்கு வேண்டாம். ஏசி ஓடிய அறையில் இந்தப் பெட்டியைத் திறந்தால், ஏசியை அணைக்கும் முன்பே மூடிவிடுங்கள். அலமாரியில் காட்சிக்கு வைக்கத்தான் வேண்டுமென்றால் வெயில் படாத சுவராகப் பாருங்கள். அச்சில் சிவப்பு என்பது மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தது, வெளிச்சத்தில் அவைதான் முதலில் வெளுக்கும். சிவப்புக் கோடு போன அல்ட்ராமேனைப் பார்க்கச் சகிக்காது.

டிஸ்க்கை மறக்க வேண்டாம். ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு, படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியில் அது 0.6. நிறைய டிஸ்க்கைக் குறைந்த இடத்தில் அடக்கிய பெட்டிகளில், டிஸ்க்கின் துளையைப் பிடித்திருக்கும் நடுக்குமிழ் இறுக்கமாக இருக்கும். விளிம்பைப் பிடித்து இழுத்தால் டிஸ்க் வளைந்து, நடுத்துளையிலிருந்து முடிபோல் விரிசல் ஓடும். ஒரு விரலால் குமிழை அழுத்திக்கொண்டே விளிம்பைத் தூக்குங்கள். பழையது வாங்கும்போது டிஸ்க்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளையைச் சுற்றிப் பாருங்கள். விரிசல் நடுவிலுள்ள தெளிந்த வளையத்தைத் தாண்டியிருந்தால் பிளேயரில் போடாதீர்கள்.

எண்ணிக்கையையும் சரிபாருங்கள். 1966 ஜூலை 17-இல் ஒளிபரப்பு தொடங்கிய ‘அல்ட்ராமேன்’ மொத்தம் 39 பாகம். அமெரிக்காவின் மில் க்ரீக் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த பதிப்பில் அது 6 டிஸ்க்கில் இருக்கிறது. அதே வரிசையில் ‘அல்ட்ராசெவன்’ வாங்கினால் 48 பாகம்தான் இருக்கும். 49 எடுத்தார்கள், ஆனால் 12-ஆம் பாகத்தை, தொடரைத் தயாரித்த சுபுராயா நிறுவனம் 1970-களிலேயே விலக்கிக்கொண்டது. பாகம் குறைகிறது என்று விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

ஜப்பானியப் பதிப்புக்கு வருவோம். பெட்டியின்மேல் சுற்றியிருக்கும் காகிதப் பட்டைக்கு ஓபி என்று பெயர். அது இல்லாவிட்டால் விலை குறையும், சேகரிப்பாளர் பார்வையில் பெட்டியும் முழுமையாகாது. விற்பனைக் குறிப்பில் ‘ஓபி-த்ஸுகி’ என்றால் பட்டை உண்டு, ‘ஷோகை கெந்தெய்’ என்றால் முதல் அச்சுக்கு மட்டுமான பதிப்பு, ‘மிகாய்ஃபூ’ என்றால் பிரிக்காதது, ‘யாகே’ என்றால் வெயிலில் வெளுத்தது அல்லது மஞ்சளடித்தது. ஓபியின் பின்பக்க மடிப்பு, உள்ளிருக்கும் கையேடு, பெட்டியின் நான்கு மூலை, டிஸ்க் பொருத்தும் மடித்தட்டின் குமிழ்ப் பற்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள். பற்கள் உடைந்திருந்தால் வழி நெடுக டிஸ்க் ஆடித் தேய்ந்தே வரும். டிஸ்க்குகளைத் தனி உறைகளில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். குமிழித்தாளின் தட்டைப்பக்கம் பெட்டியைத் தொடவேண்டும், குமிழ்ப்பக்கம் பட்டால் அட்டையில் வட்ட வட்டமாகத் தடம் விழும். வெளி அட்டைப்பெட்டிக்கும் உள்ளே இருப்பதற்கும் எல்லாப் பக்கமும் 4 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும்.

பிரிக்காத பெட்டி வந்தால், அதை இறுக்கிச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சுருக்குத்தாளைக் கழற்றிவிடுவதே என் பரிந்துரை. அது நாளாக இறுகி அட்டையின் ஓரங்களை உள்ளே வளைக்கும், உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேறவும் விடாது. மறுவிலையில் கொஞ்சம் குறையலாம், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று. ஜப்பானும் அமெரிக்காவும் ப்ளூ-ரேயில் ‘ஏ’ மண்டலம், இந்தியா ‘சி’. நம்மூரில் வாங்கிய பிளேயர் ‘ஏ’ டிஸ்க்கை மறுத்துவிடக்கூடும்; எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர்தான் பாதுகாப்பு. அமெரிக்கப் பதிப்பில் ஜப்பானிய ஒலியோடு ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது. ஜப்பானியப் பெட்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது. பார்ப்பதற்கு அமெரிக்கத் தகரப் பெட்டியையும், பெட்டிக்காகவே ஜப்பானியதையும் வைத்துக்கொள்ளுங்கள்.