மூடின கிரெடிட் கார்டுக்கு செட்டில்மென்ட் நோட்டீஸ் வந்திருக்கு, பேசி முடிச்சுடலாமா?

கேள்வி: சார், 2019 மார்ச்ல கிரெடிட் கார்டு பாக்கி முழுசும் கட்டிட்டு கார்டை க்ளோஸ் பண்ணச் சொல்லி பேங்குக்கு மெயிலும் போட்டேன். கடைசி ஸ்டேட்மென்ட்ல ஜீரோன்னு இருக்கு, என்ஓசி (பாக்கி இல்லன்னு பேங்க் தர்ற சான்று) மட்டும் வாங்கல. இப்போ ஒரு வக்கீல் பேர்ல நோட்டீஸ், 86,400 ரூபா பாக்கியாம், 7 நாளுக்குள்ள 25,000 கட்டினா செட்டில் பண்ணிக்கலாமாம், இல்லன்னா கிரிமினல் கேஸாம். வீட்ல பயப்படறாங்க, 10,000க்கு பேசி தொல்லைய முடிச்சுடலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பத்து ரூபா கூட குடுக்காதீங்க. இந்த மாதிரி கேஸ்ல பெரும்பாலும் என்ன ஆகியிருக்கும்னா, சிஸ்டத்துல கார்டு க்ளோஸ் ஆகாம கிடந்து, வருஷ ஃபீஸ் விழுந்து, அதுக்கு லேட் ஃபீ, வட்டி, ஜிஎஸ்டின்னு குட்டி போட்டு இவ்ளோ பெரிய தொகையா நிக்கும்.

வக்கீல் நோட்டீஸ் கோர்ட் ஆர்டர் கிடையாது. கார்டு பாக்கிங்கறது சிவில் விஷயம், கட்டலைங்கறதுக்காக மட்டும் யாரும் உங்கள அரெஸ்ட் பண்ண முடியாது. செக் குடுத்து பவுன்ஸ் ஆகியிருந்தா அது வேற கதை, உங்களுக்கு அது இல்ல.

அடுத்தது காலாவதி. 1963 லிமிடேஷன் சட்டப்படி இந்த மாதிரி கடனுக்கு கேஸ் போட 3 வருஷம்தான் டைம். கொரோனா காலத்துல 15.3.2020ல இருந்து 28.2.2022 வரைக்கும் சுப்ரீம் கோர்ட் கணக்குல சேர்க்க வேணாம்னு சொல்லிடுச்சு, அதையும் கழிச்சுப் பார்த்தாலும் உங்க 2019 கணக்கு 2024லயே முடிஞ்சு போச்சு. "2019க்கு அப்புறம் ஏத்தின ஃபீஸ்தான் கேக்கறோம்"னு சொல்வாங்க, அதுக்குத்தான் அந்த க்ளோஸ் பண்ணச் சொன்ன மெயில், பத்திரமா எடுத்து வைங்க.

நீங்க பேரம் பேசப் போறதுல இருக்கற ஆபத்து என்னன்னா, காலாவதி ஆன கடனுக்குக் கூட "கட்டிடறேன்"னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தா ஒப்பந்தச் சட்டம் 25(3)படி அது புது ஒப்பந்தமா செல்லும். அதனால வாட்ஸ்அப்ல கூட "மாசம் 2,000 தரேன் சார்"னு டைப் பண்ணி வைக்காதீங்க. இன்னொண்ணு, செட்டில் பண்ணா சிபில்ல (உங்க கடன் வரலாறு இருக்கற பதிவு) "செட்டில்ட்"னு, அதாவது முழுசா கட்டாம பேசி முடிச்சதுன்னு ஏறும், நாளைக்கு வீட்டு லோனுக்குப் போனா அத வச்சே இழுத்தடிப்பாங்க. கட்டாத கடனுக்கு கெட்ட பேர் வாங்கினா பரவால்ல, கட்டி முடிச்ச கடனுக்கு எதுக்கு?

ஃபோன்ல பேசாதீங்க, எழுதுங்க. இவ்ளோ போதும்:

"உங்கள் நோட்டீஸ் கிடைத்தது. அதில் கேட்டுள்ள தொகையை முழுமையாக மறுக்கிறேன். 2019 மார்ச்சில் பாக்கி முழுவதும் செலுத்தியாகிவிட்டது, ஸ்டேட்மென்ட் நகல் இணைத்துள்ளேன். வங்கி உங்களுக்குக் கொடுத்த அதிகாரக் கடிதமும் 2019 முதல் முழுக் கணக்கும் அனுப்பவும். இந்தப் பதில் எந்தக் கடனையும் ஒப்புக்கொண்டதாகாது. இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளவும்."

குடும்பக் கஷ்டம், பொண்ணு படிப்பு எல்லாம் இதுல எழுத வேணாம், திட்டவும் வேணாம். தபால்ல அனுப்பி ரசீதும் டெலிவரி ஆனதுக்கு ஆதாரமும் வச்சுக்கோங்க, ஒரு காப்பி பேங்கோட நோடல் ஆஃபீசருக்கு (புகார் பாக்கற அதிகாரி) புகாரா போகட்டும். பேங்க் 30 நாள்ல பதில் சொல்லலைன்னாலோ சொன்ன பதில் சரியில்லைன்னாலோ ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கறவர்) போகலாம், காசு கிடையாது, 14448க்கு அடிச்சா வழி சொல்வாங்க. சிபில் ரிப்போர்ட்டும் எடுத்துப் பாருங்க, தப்பா ஏறியிருந்தா டிஸ்ப்யூட் போடுங்க, 30 நாளுக்குள்ள சரி பண்ணலைன்னா ஒரு நாளைக்கு 100 ரூபா நஷ்டஈடு உண்டு. வசூல் ஆளுங்க காலைல 8 மணிக்கு முன்னாடியோ ராத்திரி 7க்கு மேலயோ கூப்பிடக் கூடாது, கூப்பிட்டா கால் லாக் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே புகார்ல சேருங்க.

லோக் அதாலத் (சமரசம் பேசி முடிக்கற மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்தாலும் பதறாதீங்க, நீங்க ஒத்துக்காம அங்க எதுவும் முடிவு பண்ண முடியாது. ஆனா கேஸ் நம்பரோட கோர்ட் சம்மன் வந்தா ஈகோர்ட்ஸ் சைட்ல (கோர்ட் கேஸ் விவரம் பாக்கற அரசு சைட்) நம்பர் போட்டு நிஜமான்னு பாருங்க, நிஜம்னா அன்னிக்கே ஒரு வக்கீலப் பிடிங்க, போகாம விட்டா எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது உங்க பக்கம் கேக்காமலே தீர்ப்பு ஆயிடும்.